ஃபாலோயர் கூடினால் பணம் கூடுமா? ஐபிஎல் வணிகத்தின் உள்கணக்கு

2023 டிசம்பர் 15 அன்று, ரோஹித் சர்மாவுக்குப் பதில் இனி ஹர்திக் பாண்டியாதான் கேப்டன் என்று மும்பை இந்தியன்ஸ் அறிவித்தது. 5 கோப்பை வாங்கிக் கொடுத்தவரை இப்படியா இறக்கிவிடுவது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். விடிவதற்குள் லட்சக்கணக்கானோர் அந்த அணியின் கணக்குகளை அன்ஃபாலோ செய்தார்கள். அணியின் தொப்பியையும் ஜெர்சியையும் கொளுத்தும் வீடியோக்கள் சுற்றின. அடுத்த சீசனில் சொந்த மைதானமான வான்கடேயிலேயே ஹர்திக்குக்குக் கேலிக் கூச்சல். அணியும் பத்தில் பத்தாவதாக வந்து முடிந்தது.

இத்தனை நடந்தும் அந்த ஆண்டு அணியின் மிகப்பெரிய வரவான ஒளிபரப்பு உரிமையின் சமபங்கு குறையவில்லை. குறையவும் முடியாது. ஐபிஎல் பணம் ஓடும் வாய்க்கால் அப்படி வெட்டப்பட்டிருக்கிறது. ரசிகர் பலம்தான் அணியின் சொத்து, ஃபாலோயர்தான் காசு என்று பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வாய்க்காலை.

2023 முதல் 2027 வரையிலான 5 ஆண்டுகளுக்கு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை ₹48,390 கோடிக்கு விற்பனையானது. இந்தியத் துணைக்கண்டத்தின் டிவி உரிமையை ₹23,575 கோடிக்கு டிஸ்னி ஸ்டார் எடுத்தது. டிஜிட்டல் உரிமையை ₹20,500 கோடிக்கு வயாகாம்18 எடுத்தது. தேர்ந்தெடுத்த சில போட்டிகளுக்கான தனித் தொகுப்பும் வெளிநாட்டு உரிமையும் மிச்சம். சராசரியாக ஆண்டுக்கு ₹9,678 கோடி. ஏறக்குறைய இதில் பாதி கிரிக்கெட் வாரியத்துக்கு, பாதி அணிகளுக்கு. அணிகளின் பாதியில் ஒரு சிறு பகுதி புள்ளிப் பட்டியல் வரிசைப்படி போகும். மற்றதெல்லாம் சமமாகப் பிரியும். கோப்பை வென்றவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் கிட்டத்தட்ட ஒரே தொகை. தோராயமாக வகுத்தால் அணிக்கு ஆண்டுக்கு ₹480 கோடியை ஒட்டி வரும். டாடா குழுமம் 2024 முதல் 2028 வரை பெயர் உரிமைக்குத் தரும் ₹2,500 கோடி போன்ற பொது ஸ்பான்சர் பணத்திலும் அணிகளுக்குப் பங்கு உண்டு. பதிலுக்கு, 2008இல் வாங்கிய பழைய அணிகள் தங்கள் வருமானத்தில் 20 சதவீதத்தை வாரியத்துக்குக் கட்டுகின்றன.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் 2021 அக்டோபரில் நடந்த ஏலமும் புரியும். ஒரு வீரர்கூட இல்லாத, ஜெர்சிக்கு நிறம்கூட முடிவாகாத, இன்ஸ்டாகிராமில் கணக்கே தொடங்காத லக்னோ அணியை ₹7,090 கோடிக்கு வாங்கினார்கள். 2008இல் இந்தியா சிமெண்ட்ஸ் சென்னை அணிக்குக் கொடுத்தது 9.1 கோடி டாலர். லக்னோவுக்குக் கொடுத்த விலையில் ரசிகர் பலத்துக்கென்று ஒரு பைசாவும் இல்லை, இருந்திருக்கவும் முடியாது. பொதுப் பானையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு கரண்டி அள்ளிக்கொள்ளும் உரிமைக்கான விலை அது.

அப்படியானால் அணிகள் எதற்கு 20 பேரையும் கேமராக்களையும் வைத்துக்கொண்டு இரவு பகலாக ரீல்ஸ் போடுகின்றன? பதில் ஒரே இடத்தில் இல்லை. சமூக ஊடகச் சத்தம் பணமாகும் இடங்கள் சில இருக்கின்றன. ஆகாத இடங்கள் அதைவிட நிறைய.

பானையைப் பெரிதாக்குவது

முதல் இடம் அந்தப் பொதுப் பானையேதான். 2008இல் 10 ஆண்டுகளுக்குச் சுமார் ₹8,200 கோடி. 2018 முதல் 5 ஆண்டுகளுக்கு ₹16,347.5 கோடி. அடுத்த 5 ஆண்டுகளுக்கு ₹48,390 கோடி. இந்த ஏற்றத்தின் நடுவில், 2017 செப்டம்பர் ஏலத்தில் நடந்த ஒன்றைப் பலர் மறந்துவிட்டார்கள். டிஜிட்டல் உரிமைக்கு மட்டும் ஃபேஸ்புக் ₹3,900 கோடி கேட்டது. அந்தப் பிரிவில் அதுதான் மிக உயர்ந்த கேள்வி. ஆனால் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து மொத்தமாக ஸ்டார் கேட்ட தொகை, தனித்தனி உச்ச விலைகளின் கூட்டுத்தொகையைவிட ஐந்நூறு கோடிக்கு மேல் அதிகமாக இருந்ததால் ஸ்டாருக்கே போனது. ஃபேஸ்புக் தோற்றாலும் வாரியம் ஒன்றைக் கற்றுக்கொண்டது: கிரிக்கெட்டுக்காக டிஜிட்டல் நிறுவனங்கள் டிவிக்காரர்களோடு மோதத் தயார். 2022இல் டிவியையும் டிஜிட்டலையும் பிரித்தே விற்றார்கள். ஒரு போட்டிக்கு டிவியில் ₹57.5 கோடி, டிஜிட்டலில் ₹50 கோடி. இரண்டும் ஏறக்குறைய சமமானது அப்போதுதான்.

₹50 கோடி கொடுத்தவர் அதை எப்படி மீட்பது? 2023இல் வயாகாம்18இன் ஜியோ சினிமா செயலி எல்லாப் போட்டிகளையும் இலவசமாகவே காட்டியது. திரையின் ஓரத்தில் இப்போது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணே ஒரு விளம்பரம். 2023 ஏப்ரல் 12, சேப்பாக்கம், ராஜஸ்தானுக்கு எதிரான ஆட்டம். கடைசி ஓவரில் 21 ரன் தேவை, தோனி இரண்டு சிக்ஸர் அடித்தும் 3 ரன்னில் தோல்வி. அந்த ஓவரில் எண் 2.2 கோடியைத் தொட்டது. அந்த எண்ணைப் படம்பிடித்துப் பரப்பியவர்கள் ரசிகர்கள்தான். 'தல வந்தா மீட்டர் ஏறும்' என்று பெருமையடித்ததும் அவர்கள்தான். அந்த சீசன் இறுதிப் போட்டியில் அது 3.2 கோடி ஆனது. நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு அதே படத்தை எடுத்துக்கொண்டுபோய் அடுத்த விளம்பரதாரரிடம் விலை பேசும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே நேரத்தில் பார்ப்பவர்களின் உச்ச எண் வேறு, சராசரியாக ஒருவர் எத்தனை நிமிடம் பார்த்தார் என்பது வேறு. தோனி ஆடும் 8 நிமிடத்துக்கு மட்டும் செயலியைத் திறந்து, அவர் அவுட்டானதும் மூடுபவரால் உச்ச எண் ஏறும், சராசரி ஏறாது. விளம்பரம் ஓடுவதோ 20 ஓவரிலும். விவரமான விளம்பரதாரர் சராசரியைக் கேட்பார். விற்பவர் உச்சத்தைக் காட்டுவார். இருவருக்கும் நடக்கும் பேரத்தின் பாதி இதில்தான்.

வாரியமும் இந்த விளையாட்டில் கெட்டிக்காரத்தனம் காட்டியது. 2023 பிளே ஆஃப் போட்டிகளில் ரன் வராத ஒவ்வொரு பந்துக்கும் (டாட் பந்து) ஸ்கோர்பலகையில் புள்ளிக்குப் பதில் ஒரு மரச் சின்னம். டாட் பந்து ஒன்றுக்கு 500 மரக்கன்று என்று அறிவிப்பு. சேப்பாக்கத்தில் நடந்த முதல் தகுதிச் சுற்றில் 84 டாட் பந்து, 42,000 கன்று என்று கணக்கு வந்தது. ஸ்கோர்பலகை என்பது யாரும் மூடிவிட்டுப் பார்க்க முடியாத இடம். அதற்குள்ளேயே ஒரு விளம்பரத்தை நுழைத்து, மக்களையே அதைப் பற்றி மீம் போட வைத்தது சாதாரணக் காரியமல்ல. மரம் வளர்ந்ததா என்பது வேறு விஷயம்.

டாஸ் போஸ்ட் ஒன்றின் உள்ளே

இரண்டாவது இடம் அணியின் சொந்தப் பெட்டி. ஜெர்சி, ஹெல்மெட், கால்சட்டை ஆகியவற்றில் உள்ள லோகோ இடங்கள், அணியின் பெயரைப் பயன்படுத்தும் உரிமை, உரிமம் பெற்ற பொருட்கள், சொந்த மைதான டிக்கெட். இவை அணிக்கு அணி மாறும். ஃபாலோயர் எண்ணிக்கை நேரடியாகப் பேசுவது இங்கேதான். சென்னை அணியின் நெஞ்சுப் பகுதியில் ஏர்செல், முத்தூட், மிந்த்ரா, டிவிஎஸ் யூரோகிரிப், எதிஹாட் ஏர்வேஸ் என்று பெயர்கள் மாறிவந்திருக்கின்றன. கடைசியாகச் சொன்னது அபுதாபியின் விமான நிறுவனம். அவர்களுக்கு ஜெர்சியில் லோகோ இருந்தால் மட்டும் போதாது, வளைகுடாவில் இருக்கும் சிஎஸ்கே ரசிகரின் கைப்பேசியும் வேண்டும்.

ஸ்பான்சர் ஒப்பந்தத்தோடு ஒரு பட்டியல் இணைந்திருக்கும்: லோகோவின் இடமும் அளவும், சீசனுக்கு எத்தனை போஸ்ட், எத்தனை ரீல், வீரர்கள் எத்தனை மணி நேரம் படப்பிடிப்புக்கு வருவார்கள், போட்டிக்கு எத்தனை இலவச டிக்கெட், எத்தனை பேர் வீரர்களைச் சந்திக்கலாம் என்று. விளம்பரத்தில் வீரர்களைக் காட்டுவதற்கும் வரம்பு உண்டு. வழக்கமாக மூன்று பேராவது சேர்ந்தே வர வேண்டும். ஒருவரை மட்டும் தனியாகக் காட்டினால் அது அவருடைய தனிப்பட்ட விளம்பரமாகிவிடும். அதற்குப் பணம் வாங்கும் உரிமை அவருடையது, அணியுடையதல்ல. டிவியில் மூன்று கிரிக்கெட் வீரர்கள் காரணமில்லாமல் ஒன்றாக உட்கார்ந்து பெயிண்டைப் பற்றியோ கம்பியைப் பற்றியோ பேசினால், காரணம் இதுதான்.

போட்டி நாளில் அணிப் பக்கத்தில் வரும் டாஸ் போஸ்டை எடுத்துக்கொள்வோம். சாதாரணப் படம்தானே என்று தோன்றும். 7 மணிக்கு டாஸ் போட்டால் 7:01க்குள் அது வந்தாக வேண்டும்; தாமதித்தால் ரசிகர் பக்கங்கள் முந்திவிடும். அதனால் மதியமே படங்கள் தயாராகிவிடும். டாஸ் வென்றோம், தோற்றோம். முதலில் பேட்டிங், முதலில் பவுலிங் என்று நான்கு வகை. ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை மாற்றிக்கொள்ள விடும் இம்பாக்ட் பிளேயர் விதி வந்த 2023 முதல் கேப்டன் இரண்டு பட்டியலோடு டாஸுக்குப் போகலாம், முடிவு தெரிந்தபின் ஒன்றைக் கொடுக்கலாம். எனவே பதினொருவர் படமும் இரண்டு. ஒவ்வொன்றிலும் கீழ் மூலையில் ஒரு ஸ்பான்சரின் லோகோ. டாஸுக்கு ஒருவர், பதினொருவருக்கு ஒருவர், 'இன்றைய அசத்தல்' படத்துக்கு ஒருவர். தவறு நடப்பதும் இங்கேதான்: தவறான படத்தை ஏற்றிவிடுவது, பழைய ஸ்பான்சர் லோகோவை நீக்க மறப்பது, முன்கூட்டியே நேரம் குறித்துவைத்த வியாபாரப் போஸ்ட் அணி 80 ரன்னில் சுருண்ட நேரத்தில் சிரித்துக்கொண்டு வந்து நிற்பது. மூன்றாவதை ரசிகர்கள் மன்னிக்கவே மாட்டார்கள். அன்று கருத்துப் பகுதியில் விழும் வசவெல்லாம் ஸ்பான்சரின் பெயருக்குக் கீழே விழும்.

போட்டி ஓடும்போது அணி என்ன போடலாம் என்பதும் கறாரானது. பந்து வீசுவதும் அடிப்பதும் உள்ள வீடியோ ஒளிபரப்பாளரின் சொத்து. அணியே போட்டாலும் விதிமீறல், அபராதம் உண்டு. டிரெஸ்ஸிங் ரூம் காட்சியைக் கைப்பேசியில் எடுத்து உடனே ஏற்றவும் வழியில்லை. ஊழல் தடுப்பு விதிப்படி வீரர்களும் நடுவர்களும் இருக்கும் பகுதிக்குள் கைப்பேசிக்கு அனுமதி கிடையாது. வீரர்களின் போன்களைப் போட்டிக்கு முன்பே வாங்கி வைத்துவிடுவார்கள். டிரெஸ்ஸிங் ரூம் வீடியோக்கள் எப்போதும் ஆட்டம் முடிந்தபின், நள்ளிரவில் வருவது இதனால்தான். அணியின் வீடியோ குழுவுக்கு மிஞ்சுவது பயிற்சி, பேருந்து, ஹோட்டல், விமான நிலையம். வீரர்கள் பேருந்திலிருந்து இறங்கி நடந்துபோகும் ரீல்ஸ் இத்தனை பெருகியதற்கு ரசனை மட்டும் காரணமல்ல. அதைத்தான் எடுக்க முடியும்.

ரசிகர் பக்கம் நடத்துபவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். 10 நொடி சிக்ஸர் காட்சியைப் போட்டாலும் பதிப்புரிமைப் புகார் வரும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 37ஆவது பிரிவில் ஒளிபரப்பாளருக்கெனத் தனி உரிமையே தருகிறது. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று புகார் உறுதியானால் சேனலே போய்விடும். அதனால்தான் தமிழ் கிரிக்கெட் சேனல்கள் அசையாப் படத்தை வைத்துக்கொண்டு பேச்சிலேயே பிழைக்கின்றன.

இனி அளவீடு. ஏமாற்றுவதற்கு நிறைய இடம் உள்ள பகுதி இது. ஒரு அணிக்கு 1 கோடி ஃபாலோயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போஸ்டுக்கு 2 லட்சம் லைக், 5,000 கருத்து, 15,000 பகிர்வு. மொத்தம் 2,20,000. ஃபாலோயரால் வகுத்தால் ஈடுபாடு 2.2 சதவீதம். அந்தப் போஸ்ட் உண்மையில் போய்ச் சேர்ந்தது 40 லட்சம் பேருக்கு என்றால், அதால் வகுத்தால் 5.5 சதவீதம். இரண்டுமே பொய்யல்ல. ஆனால் விற்பவர் இரண்டாவதைக் காட்டி, பக்கத்தில் போட்டி அணியின் முதலாவதை வைத்து ஒப்பிடுவார். எதால் வகுத்தீர்கள் என்று கேட்காத ஸ்பான்சர் பணத்தை இழக்கிறார்.

இன்னொரு கணக்கு. ஜெர்சியில் ஒரு கை இடம் ₹10 கோடி, அதோடு சீசனுக்கு 40 போஸ்ட் என்று ஒப்பந்தம் என்போம். போஸ்டுக்கு 30 லட்சம் பார்வை கிடைத்தால் மொத்தம் 12 கோடி பார்வை. 1,000 பார்வைக்கு ₹100 என்று போட்டால் அதன் மதிப்பு ₹1.2 கோடி. ஆக ₹10 கோடியில் சமூக ஊடகம் ஈட்டித் தருவது எட்டில் ஒரு பங்குதான். மிச்சம் டிவித் திரையில் அந்தக் கை எத்தனை நொடி தெரிந்தது என்பதில் இருக்கிறது. வலது கை பேட்ஸ்மேன் நிற்கும்போது கேமராவை நோக்கியிருக்கும் இடது கையின் விலை மற்றக் கையைவிட அதிகமாக இருப்பதும் இதனால்தான். லோகோ தெரிந்த நொடி, அளவு, தெளிவு எல்லாவற்றையும் இப்போது மென்பொருளே எண்ணுகிறது.

ஃபாலோயர் எண்ணிக்கையைக் கொண்டு பெருமைப்படலாம். ஆனால் இலவசப் பரிசுப் போட்டி வைத்துச் சேர்த்த கூட்டமும், காசு கொடுத்து வாங்கிய லைக்கும், இரண்டு ரசிகர் படைகள் மோதிக்கொண்டதில் வந்த 50,000 கருத்தும் கூட அந்த எண்ணில்தான் சேர்கின்றன. கெட்ட வார்த்தையும் ஈடுபாடுதான், எண்ணும் இயந்திரத்துக்கு.

டிக்கெட்டில் சமூக ஊடகம் சாதிப்பது குறைவு. சேப்பாக்கத்தில் சுமார் 38,000 இருக்கை, சீசனுக்கு வழக்கமாக 7 போட்டி. சங்க உறுப்பினர்கள், ஸ்பான்சர்கள், விருந்தினர்களுக்குப் போக 25,000 டிக்கெட் சராசரி ₹2,500க்கு விற்பதாக வைத்தாலும் மொத்தம் ₹44 கோடிக்குள்தான். பொதுப் பங்கில் பத்தில் ஒன்றுகூட இல்லை. எப்படியும் நிறையும் மைதானத்துக்கு ரீல்ஸ் போட்டு ஆள் சேர்க்கத் தேவையுமில்லை. இணைய வரிசையில் 'உங்களுக்கு முன் 2 லட்சம் பேர்' என்று காட்டுவதும், ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோவதும், பிறகு கள்ளச் சந்தையில் பல மடங்குக்கு வருவதும் ரசிகர் கோபத்தைத்தான் வளர்க்கின்றன. போதாததற்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கான ஜிஎஸ்டி 28லிருந்து 40 சதவீதமாகிவிட்டது. ₹1,000 அடிப்படை விலை ₹1,280 ஆக இருந்தது ₹1,400 ஆகும். அணிக்கு ஒரு ரூபாயும் கூடுதலாக வராது. திட்டு மட்டும் அணிக்கு வரும்.

வென்ற ஹேஷ்டேகும் தோற்ற ஹேஷ்டேகும்

ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து 'புறக்கணிப்போம்' என்று கிளம்பினால் வணிகம் அசைகிறதா? இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்தால் விடை தெளிவாகும்.

2020 ஜூன் 15 அன்று கல்வானில் இந்திய, சீனப் படைகளுக்கிடையே மோதல். ஜூன் 29இல் 59 சீனச் செயலிகளுக்குத் தடை. ஆகஸ்ட் 2இல் ஐபிஎல் ஆட்சிக்குழு, பெயர் உரிமை வைத்திருந்த சீன நிறுவனமான விவோ உட்பட எல்லா ஸ்பான்சர்களும் தொடர்வார்கள் என்றது. அன்றிரவே இணையம் பற்றிக்கொண்டது. சுதேசி ஜாக்ரண் மஞ்ச் போன்ற அமைப்புகளும் எதிர்த்தன. ஆகஸ்ட் 6இல் அந்த ஆண்டுக்கு ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்பட்டது. விவோ 5 ஆண்டுக்குத் தர ஒப்புக்கொண்டது ₹2,199 கோடி, அதாவது ஆண்டுக்குச் சுமார் ₹440 கோடி. அவசரத்துக்கு வந்த ட்ரீம்11 கொடுத்தது ₹222 கோடி. நான்கு நாள் சத்தத்தின் விலை, ஏறக்குறைய பாதி.

2022 பிப்ரவரி ஏலத்தில் இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் மகீஷ் தீக்‌ஷனாவை சிஎஸ்கே ₹70 லட்சத்துக்கு வாங்கியது. மறுநாளே அணியைப் புறக்கணிக்கச் சொல்லும் ஹேஷ்டேக் இந்திய அளவில் டிரெண்ட் ஆனது. 2009இன் காயம் ஆறாத தமிழர்களின் உணர்வு அதில் இருந்தது. அணி வாய் திறக்கவில்லை, அவரை விடுவிக்கவும் இல்லை. தீக்‌ஷனா ஆடினார், அதே ஆண்டு இன்னொரு இலங்கை வீரர் பதிரனாவும் வந்தார். 2023 கோப்பையில் பதிரனாவின் யார்க்கருக்கு விசிலடித்தது இதே சென்னைதான்.

முதலாவது ஏன் வென்றது, இரண்டாவது ஏன் தோற்றது? சத்தத்தின் அளவில் இல்லை வித்தியாசம். விவோ விஷயத்தில் அரசின் மனநிலையும் அதே திசையில் இருந்தது. ஸ்பான்சர் தானே பின்வாங்க நினைத்தது. பணம் கட்டிக் கெட்ட பெயர் வாங்க யாருக்குத்தான் ஆசை? தீக்‌ஷனா விஷயத்தில் ஸ்பான்சர் யாரும் அசையவில்லை, அரசும் தலையிடவில்லை. 2013ஐ நினைத்துப் பாருங்கள்: அப்போது முதல்வர் ஜெயலலிதா கடிதம் எழுதினார், சென்னையில் நடக்கும் போட்டிகளில் இலங்கை வீரர்கள் ஆட மாட்டார்கள் என்று ஐபிஎல் முடிவெடுத்தது, சிஎஸ்கேயின் சொந்த வீரர் குலசேகராவே சேப்பாக்கத்தில் களமிறங்க முடியவில்லை. அதற்கு ஹேஷ்டேக் தேவைப்படவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட யாரோ ஒருவரைத் தொடும்வரை சத்தம் வெறும் சத்தமாகவே இருக்கும்.

ட்ரீம்11இன் பிந்தைய கதையும் இதையே காட்டுகிறது. ரசிகரை ஆட்டத்தோடு கட்டிப்போடுவதில் ட்ரீம்11 நடத்திய ஃபேண்டசி விளையாட்டை, அதாவது நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைக்கும் ஆட்டத்தை, மிஞ்ச எந்த ரீலாலும் முடிந்ததில்லை. காசு கட்டி அணி போட்டவர், தோற்கும் ஆட்டத்தையும் கடைசிப் பந்துவரை பார்ப்பார். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியதும், இந்திய அணியின் ஜெர்சியிலிருந்து ட்ரீம்11 ஒரே வாரத்தில் விலகியது. ஆசியக் கோப்பையில் இந்தியா ஸ்பான்சர் பெயரில்லாத சட்டையோடு ஆடியது. அப்போலோ டயர்ஸ் பிறகு வந்தது. ஃபேண்டசி போனதால் ஸ்பான்சர் பணம் மட்டும் போகவில்லை; நடுத்தர ஆட்டங்களையும் உட்கார்ந்து பார்க்க வைத்த காரணமும் போனது.

வீரரே சேனலானால்

2020 ஊரடங்கில் ரவிச்சந்திரன் அஸ்வின் யூடியூபில் பேசத் தொடங்கியபோது, வீரர் ஒருவர் தமிழிலேயே இவ்வளவு நுட்பமாக ஆட்டத்தைப் பிரித்துச் சொல்வது புதிது. 2025இல் அவர் சிஎஸ்கேக்குத் திரும்பி வந்ததும் சிக்கல் தொடங்கியது. ஏப்ரலில் அவருடைய சேனலில் பேச வந்த ஒருவர் அணித் தேர்வை விமர்சிக்க, சம்பளம் தரும் அணியை வீரரின் சேனலே விமர்சிப்பதா என்ற கேள்வி எழுந்தது. அந்த சீசன் முடியும்வரை சிஎஸ்கே ஆட்டங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்று சேனல் அறிவித்தது. ஆகஸ்டில் இன்னொன்று: டெவால்ட் பிரெவிஸை அணி எடுத்த விதம் பற்றி அஸ்வின் பேசியது பெரிதாகி, ஏல விதிகளின்படி ₹2.2 கோடிக்குத்தான் மாற்று வீரராக ஒப்பந்தம் செய்தோம் என்று சிஎஸ்கே எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டிவந்தது. அந்த மாதமே அஸ்வின் ஐபிஎல்லிலிருந்து ஓய்வு பெற்றார்.

அணியின் ஊடகப் பிரிவு கட்டிக்காக்கும் பிம்பத்தை, அணிக்குள் இருக்கும் ஒருவரின் அரை மணி நேர உரையாடல் கலைத்துவிட முடியும். வீரருக்கோ அது ஓய்வுக்குப் பிந்தைய பிழைப்பு. அவர் ஏன் மூட வேண்டும்? இனி வரும் ஒப்பந்தங்களில் இதற்கான நிபந்தனைகள் தடித்துக்கொண்டே போகும் என்றுதான் தோன்றுகிறது.

தோனி விஷயம் இதற்கு நேர்மாறு. அவர் சமூக ஊடகத்தில் எழுதுவதே அபூர்வம். ஆனாலும் 2025க்கு முன் ஒரு பழைய விதி திரும்பி வந்தது: 5 ஆண்டு சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை, சர்வதேச அனுபவம் இல்லாதவராகக் கணக்கிட்டுத் தக்கவைக்கலாம். ₹4 கோடிக்கு அவர் தொடர்ந்தார். அந்த சீசனில் சென்னை முதன்முறையாகக் கடைசி இடம். ஆனால் ஹூலிஹான் லோக்கி நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டில் சிஎஸ்கேயின் பிராண்ட் மதிப்பு 23.1 கோடி டாலரிலிருந்து 23.5 கோடியாகக் கூடத்தான் செய்தது. கோப்பை வென்ற பெங்களூரு 26.9 கோடியோடு முதலிடத்துக்குப் போனது. இத்தகைய மதிப்பீடு கைக்கு வரும் பணமல்ல. அணியை விற்கும் நாளில்தான் அது பேசும்.

நான்கு போஸ்ட்

சத்தம் பணமாகாமல் வேறொன்றாக மாறிய நாள் 2025 ஜூன் 4. முந்தைய இரவுதான் பெங்களூரு 18ஆவது சீசனில் முதல் கோப்பையை வென்றிருந்தது. கர்நாடக அரசு உயர் நீதிமன்றத்தில் கொடுத்த அறிக்கையின்படி, அணியின் கணக்கில் காலை 7:01, 8:00, 8:55 மணிக்கு வெற்றி ஊர்வலத்துக்கு அழைத்து மூன்று போஸ்ட். காவல் துறையின் அனுமதி அப்போது இல்லை. இலவச நுழைவுச் சீட்டு குறைந்த எண்ணிக்கையில் உண்டு என்ற நான்காவது போஸ்ட் பிற்பகல் 3:14க்கு. நான்குக்கும் சேர்த்து சுமார் 44 லட்சம் பார்வை. சின்னசாமி மைதானத்தில் அதிகபட்சம் 35,000 பேர் அமரலாம். வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல் என்றது அரசு. வாயில்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள்.

இதை வெறும் ஆர்வக் கோளாறு என்று தள்ளிவிட முடியாது. வேலை முறையிலேயே ஓட்டை இருந்தது. அணிகளின் ஊடகப் பிரிவில் ஒரு போஸ்டை வெளியிடும் முன் ஸ்பான்சர் லோகோ சரியா, எழுத்துப்பிழை உண்டா, வீரரின் அனுமதி உண்டா என்று பார்ப்பார்கள். இத்தனை பேர் திரண்டு வந்தால் எங்கே நிற்பார்கள் என்று கேட்கும் வேலை அந்த வரிசையில் யாருக்கும் இருப்பதில்லை. 'சீட்டு குறைவு, முந்துங்கள்' என்பது ஜெர்சி விற்கும்போது நல்ல உத்தி. மைதானத்தின் வாசலில் ஏற்கெனவே கூட்டம் நிற்கும்போது அதே வாக்கியம் கூட்டத்தை முன்னால் தள்ளும்.

அணியின் கணக்குகள் ஏறக்குறைய மூன்று மாதம் மௌனமாக இருந்தன. ஆகஸ்ட் இறுதியில் திரும்பி வந்து, இறந்தவர்களின் குடும்பத்துக்கு ₹25 லட்சம் என்று அறிவித்தார்கள். விசாரணை ஆணையம் பெரிய நிகழ்ச்சிகளுக்கு அந்த மைதானம் ஏற்றதல்ல என்றது. அதே ஆண்டு மகளிர் உலகக் கோப்பையில் பெங்களூருவுக்கு ஒதுக்கிய போட்டிகள் நவி மும்பைக்குப் போயின.

அடுத்த ஏலம்

இப்போது அணிகளின் கண் ரசிகரின் தொலைபேசி எண்மீது. இன்ஸ்டாகிராமில் உள்ள 1 கோடி பேர் மெட்டாவின் வாடிக்கையாளர்கள். அல்காரிதம் மாறினால் நாளையே பாதிப் பேருக்கு போஸ்ட் போகாது. அணியின் சொந்தச் செயலியில் பதிந்த 5 லட்சம் பேர் அணியின் சொத்து. அதனால்தான் டிக்கெட் முன்னுரிமை, உறுப்பினர் அட்டை, கையெழுத்திட்ட பேட் குலுக்கல் எல்லாம் செயலிக்குள் இழுக்கின்றன. ஆனால் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவரின் தரவைப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் இல்லாமல் கையாள முடியாது. அவர்களைக் குறிவைத்து விளம்பரமும் அனுப்பக் கூடாது. கிரிக்கெட் அணியின் ரசிகர் பட்டியலில் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைச் சொல்லவா வேண்டும்? பிறந்த தேதி கேட்காமல் சேர்த்த பழைய பட்டியல்கள் பெரிய தலைவலியாகப் போகின்றன.

அந்த அவகாசம் முடிவது 2027 மே மாதம். தற்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் கடைசி சீசனும் அப்போதுதான் நடந்துகொண்டிருக்கும். 2022 ஏலத்தில் விலை மூன்று மடங்கானதற்கு டிஸ்னி ஸ்டாரும் வயாகாம்18உம் எதிரெதிரே நின்று கேட்டது முக்கியக் காரணம். 2024 நவம்பரில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 2025 பிப்ரவரியில் அவற்றின் செயலிகளும் ஜியோஹாட்ஸ்டார் என்று இணைந்தன. டிவிக்கும் டிஜிட்டலுக்கும் இப்போது ஒரே முதலாளி. அடுத்த ஏலத்தில் எதிர்த்துக் கேட்க யூடியூபோ அமேசானோ இன்னொருவரோ வராவிட்டால், மீட்டரில் 4 கோடி பேர் ஓடினாலும் வாரியம் விலையை உயர்த்திக் கேட்பது கடினம். பொதுப் பங்கு அப்படித் தேங்கினால் ஜெர்சிக் கையும் டாஸ் போஸ்டும்தான் அணிகளின் கணக்கில் முன்னுக்கு வரும். ஃபாலோயர் எண்ணிக்கைக்கு இன்று இல்லாத விலை அப்போது கிடைக்கலாம்.